அப்பாவின் வெள்ளித் தொங்கலும் அக்கா மேல் என் எரிச்சலும்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வரும் உறவுகளின் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், அதில் அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் வந்து நின்றாள். "சின்னம்மா, அம்மாவப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஆருக்குத் தெரியும்? வடிவா எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன், ஆனால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டே பேனாவை எடுத்தேன். உள்ளது என்னவென்றால், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் என் அக்கா மேல் எனக்கு எரிச்சல். அவர் போய் ஒரு வருடமாகியும் அது தீர்ந்தபாடில்லை.

அக்கா மட்டக்களப்பின் கிரான் ஊரில் பிறந்தவர். வயலும் மாட்டுப் பட்டியும் உள்ள குடும்பம். அவருக்குப் பின் நான். எங்களுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. ஆகவே எரிச்சல்பட எனக்கும் வேறு ஆள் இல்லை. அக்காவுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல், எனக்கு எலிவால். அக்கா தேவாரம் பாடினால் கோயிலில் குருக்களே திரும்பிப் பார்ப்பார், நான் பாடினால் அம்மா "நீ பூவக் கட்டு புள்ள" என்பார். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் படித்து வகுப்பில் முதலாவதாக வந்தேன். அந்தச் செய்தியோடு வீட்டுக்கு ஓடி வந்தால், அன்றுதான் அக்கா முதன்முதலில் தனியாகத் தயிர் உறைய வைத்திருந்தார், வீடே அந்தச் சட்டியைச் சுற்றி நின்றது. என் பெறுபேற்றை அப்பா மறுநாள்தான் கேட்டார்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழி. அம்மாவின் குடிதான் பிள்ளைகளின் குடி. வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைகளுக்குப் போகும், அதிலும் பெற்றோர் வாழ்ந்த வீடு மூத்தவளுக்கு. அந்த முறைப்படி அக்காவுக்குக் கல்யாணம் பேசியதும் அம்மாவின் கல்வீடு அவருடையதாயிற்று. எனக்கென்று பின் வளவில் புது வீடு கட்டினார்கள். புது வீடென்றால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். கிணறு முன் வளவில். காய்க்கிற மாமரம் முன் வளவில். என் பக்கம் வந்தது அந்த மாமரத்தின் சருகு மட்டுந்தான்.

வீடு போகட்டும், அது ஊர் முறை. என்னை வேகவைத்தது ஒரு வெள்ளித் தொங்கல். உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தகடு, மேலே ஒரு சிறு வளையம். தகட்டின் நடுவே குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கும் இரண்டு கோடுகள், அவற்றுக்கு மேல் உருண்டையாக ஒன்று, சுற்றிவர இலை போன்ற வேலைப்பாடு. எங்கள் மாடுகளின் பின்தொடையில் சுட்டிருந்த குறியும் அதே குறுக்குக் கோடுகளும் அதே உருண்டையுந்தான். பட்டியில் மாடு மாறிவிட்டால் அந்தக் குறியைப் பார்த்துத்தான் "இது இன்னார் குடும்பத்து மாடு" என்று ஊர் சொல்லும். அதனால் அந்தத் தகட்டை எங்கள் குடியின் ஆதிச் சின்னம் என்றே எல்லோரும் நம்பினார்கள். பெரியவர்கள் வந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பொங்கலுக்குச் சந்தனம் வைப்போம்.

அக்காவின் கல்யாணத்தன்று, தாலி ஏறிய கையோடு, அப்பா அந்தத் தொங்கலைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்து விரல்களை மூடினார். சபை "ஆகா" என்றது. குடிச் சின்னம் மூத்த பெண்ணுக்குப் போகிறது, முறைதானே என்றார்கள். நான் பந்தலின் ஓரத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். கூறைச் சேலை, பதக்கம் சங்கிலி, அந்த வடிவான அத்தான், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தொங்கலைப் பொறுக்க முடியவில்லை. மிச்சமிருந்த பன்னீரை வாழையடியில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அக்காவின் வாழ்வு பட்டுமெத்தையில் போகவில்லை என்பதையும் நான் எழுத வேண்டும். சூறாவளியில் கல்வீட்டின் கூரை போனது. அத்தானும் அவரும் ஓலை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே பிள்ளைகளை வளர்த்தார்கள். பிறகு சண்டைக் காலம் வந்தது. ஊரோடு கிளம்பி ஓடியபோது நான் என் சான்றிதழ்களையும் தையல் மெசினின் தலையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா அரிசியையும் பிள்ளைகளையும் எடுத்தார், தொங்கலைக் கொண்டைக்குள் செருகினார். அந்த ஓட்டத்திலும் நான் அவருடைய கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவிழ்ந்து விழுந்தால் நான் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. அது விழவில்லை, அக்கா முடிந்த கொண்டை ஒருநாளும் அவிழாது.

திரும்பி வந்தபோது பட்டி காலி. மாடுகள் காட்டுக்குள் சிதறிப்போயிருந்தன. அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து படுத்த படுக்கையானார், அந்த மாரி முடியுமுன் போய்விட்டார். அக்கா அழுது முடித்து எழும்பி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டோரமெல்லாம் நடந்தார். தொடையில் சுட்ட குறியைப் பார்த்துப் பார்த்து, கிடைத்த மாடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சிறு பட்டியை வைத்துத் தயிர் விற்று, மகளை ஆசிரியை ஆக்கினார், மகனைப் படிப்பித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். என் கணவருக்குச் சீனி வியாதி என்கிற சலரோகம் முற்றிக் காலில் புண் வந்தபோது, வேலியைத் தாண்டி வந்து மருந்து கட்டியவரும் அவர்தான். நான் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் லிகிதராக இருந்தேன், பகலில் வீட்டில் நிற்க முடியாது. மாலையில் நான் வந்தால் என் கணவர், "உன்ட அக்கா கட்டினா நோகாது கா" என்பார். நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு அப்போதும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

இனித் தொங்கலின் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் குடியைச் சேர்ந்த, தாய்மாமன் முறையான ஒருவர் அங்கே இருந்தார். பேச்சு மாடு கன்றுக்குப் போனது. நான் பெருமையாக எங்கள் குறியை மணலில் கீறிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது எங்கட குடிக்குறி இல்ல புள்ள. எங்கட குறி வேற. இத நான் கண்டதேயில்ல."

"எங்கட வீட்டில வெள்ளியில இரிக்கு, மாமா."

"வெள்ளியில இரிந்தா என்ன, பொன்னில இரிந்தா என்ன? இது எங்கடதில்ல."

என் நெஞ்சு துள்ளியதை எப்படி எழுத? அது குடிச் சின்னம் இல்லையென்றால் மூத்தவளுக்கென்று ஒரு முறையும் இல்லை. அது வெறுமனே அப்பாவின் பொருள். அப்பாவின் பொருளில் எனக்கும் பங்குண்டு. திருவிழாவை முழுதாகப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். பிள்ளையார் மன்னிப்பார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "குறியச் சுமக்கிறது மாடு. மாட்டுக்கே கவலையில்ல, உனக்கென்னகா?" என்றார். தொங்கலைத் தா, ஆராய்ந்து பார்க்கிறேன் என்றேன். "கையில தரமாட்டன். பாக்கிறதெண்டா இஞ்ச வந்திரிந்து பாரு" என்றார். சரியென்று பூதக்கண்ணாடியோடு அக்காவின் மேசையருகே போய் உட்கார்ந்தேன். அக்கா பல வருடங்களாகச் சாம்பல் போட்டுத் துலக்கியதில் தகடு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கண்ணாடிக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான், பள்ளிக்கூடத்தில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அது நினைவு வந்தது. தாளை வைத்து மெதுவாகத் தேய்த்தேன்.

கோடுகள் கோடுகளாக இல்லை. ஒரு நுனி ஒடுங்கியும் மறு நுனி அகன்றும் வந்தன, நடுவில் விசை போல ஒரு வளைவும் தெரிந்தது. இரண்டும் துவக்குகள், நீளத் துப்பாக்கிகள். மேலே இருந்த உருண்டை ஒரு முடி, பிரித்தானிய அரச முடி. பின்பக்கத்தைத் தேய்த்தபோது சிதைந்த ஆங்கில எழுத்துகள் சில எழும்பின. வளையத்துக்கு அருகே பொடிப்பொடியாகச் சில முத்திரைகள். ஒன்று சிங்கம். இன்னொன்றை அத்தான் உயிரோடிருந்த காலத்தில் தூண்டில் முள் என்று சொல்லுவார், உண்மையில் அது நங்கூரம்.

அந்தத் தாள்களைப் படம் பிடித்து, இங்கிலாந்தில் இருக்கும் பெறாமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் வார இறுதிச் சந்தையில் பழைய பதக்கங்கள் விற்கும் ஒரு கிழவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். கிழவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டாராம். சிங்கம் இருந்தால் அது தரமான ஆங்கில வெள்ளி, நங்கூரம் இருந்தால் பேர்மிங்காம் நகரில் சோதித்துக் குத்தியது. பக்கத்து எழுத்தை வைத்துப் பார்த்தால் முதலாம் உலகப் போருக்குச் சற்று முந்தியது. குறுக்கே வைத்த துவக்குகள் என்றால் பட்டாளத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டியின் பரிசு. அதை வென்றவர்கள் சட்டைப்பை மணிக்கூட்டின் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்களாம். பின்பக்க எழுத்துகளில் கொம்பனி என்ற சொல்லும், தொண்டர் படைப் பிரிவு ஒன்றைக் குறிக்கும் எழுத்துகளும் இருந்தன. கிழமை நாட்களில் கடையிலோ கந்தோரிலோ வேலை செய்துவிட்டு, ஓய்வு நாட்களில் பயிற்சிக்குப் போகும் படை அது. எந்த ஊர்ப் பிரிவு என்று கிழவர் ஒரு ஊகம் சொன்னார். உறுதியில்லாததை நான் அச்சில் போட மாட்டேன். வென்றவரின் பெயரில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது, மீதியை அக்காவின் சாம்பல் தின்றுவிட்டது.

ஆக, எங்கள் மாடுகள் இத்தனை காலமும் தொடையில் சுமந்தது எங்கள் குடியின் குறி அல்ல, எங்கோ ஒரு வெள்ளைக்காரர் துவக்குச் சுட்டு வென்ற பரிசின் படம். பெரியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அதைத்தான். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரைக்கேறிவிட்டது. பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, கச்சேரிக்குப் போகும் தோரணையில், முன் வளவுக்குப் போனேன்.

"அக்கா, இது எங்கட குடிக்குரியதில்ல. வெள்ளைக்காரப் பட்டாளத்தான்ட சாமான். துவக்குச் சுட்டு வெண்ட பரிசு. இதப் பாத்துத்தான் மாட்டில குறி சுட்டிரிக்காங்க. நாங்கதான் மாத்தி விளங்கிக்கொண்டம்."

"ஓம்."

"என்ன ஓம்?"

"தெரியும் எண்டு சொல்றன்."

அக்கா பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கல்யாணத்துக்கு முன், அப்பா வாவிக்கு அப்பால் இருந்த பட்டாள முகாமில் கூலிக்கு நின்றிருக்கிறார். சிப்பாய்கள் சுட்டுப் பழகும் இடத்தில், பள்ளத்துக்குள் இருந்து இலக்குப் பலகையைத் தூக்கிப் பிடித்து, சூடு பட்டதா இல்லையா என்று கழியால் காட்டுவது அவருடைய வேலை.

"மத்தவங்க துரைமார் சுட்டா, படாட்டியும் பட்டுதெண்டுதான் காட்டுவாங்களாம். அப்பா படல்லயெண்டா படல்ல எண்டுதான் காட்டுவாராம்" என்றார் அக்கா. "ஒரு வயசான துரை அங்க இரிந்தவராம். இளமையில பெரிய சூட்டுக்காரனாம். கண் மங்கிப் போச்சுது, ஆனா ஒருத்தரும் அத அவருக்குச் சொல்லல்ல. அப்பாட கழிதான் சொல்லிச்சாம். முகாம் கலைஞ்சு போகக்குள்ள, சங்கிலியில இரிந்து இதக் கழட்டி அப்பாட கையில குடுத்திட்டுப் போயிட்டாராம்."

"மறுகா ஏன் குடிச் சின்னம் எண்டு சொன்னவர்?"

"அவர் சொல்லல்ல கா. அம்மாட சீதன மாட்டுக்குக் குறி சுடச் சொன்னாங்களாம். அவர் இதப் பாத்துச் சூட்டு இரும்பு அடிப்பிச்சிட்டார். ஊர்தான் சின்னம் எண்டு கும்பிட்டுது. அம்மாட ஆக்களுக்கு முன்னால, கூலிக்கு நிண்டு வாங்கினது எண்டு சொல்ல அவருக்கு வெக்கம்."

"உனக்கு மட்டும் சொன்னவரா?"

"வயலுக்குச் சோறு கொண்டு போகக்குள்ள சொன்னவர்."

நான் கண்டுபிடித்ததாக நினைத்தது அக்காவுக்குப் பாவாடை சட்டைக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. நான் பூதக்கண்ணாடியோடு மல்லாடியபோது அவர் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாரே, அதை நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடக்கூடாது என்று சொன்னேன்.

"அப்ப இது மூத்தவளுக்குரியதில்ல. அப்பாட சாமான். அவர் எனக்குந்தான் அப்பா. இவ்வளவு காலமும் நீ வைச்சிரிந்தா. இனி எனக்குத் தா."

அக்கா எழும்பிப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, தொங்கலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எடு" என்றார். நான் கையை நீட்டினேன்.

"எடுத்துக்கொண்டு போ. ஆனா ஒண்டு. அப்பா உன்னத் தோளில தூக்கிக்கொண்டுதான் வயல் வட்டைக்குப் போவார், பட்டிக்குப் போவார், கூத்துப் பாக்கப் போவார். நான் சோத்துப் பெட்டியத் தூக்கிக்கொண்டு பின்னால நடப்பன். என்ன ஒருநாளும் தூக்கல்ல. நான் பெரியபுள்ளயாம். அந்தத் தோளில பாதிய எனக்குத் தா, தொங்கல நீ கொண்டு போ."

அக்கா நிறைந்த கண்ணைத் துடைக்கவில்லை, என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காரி, கூந்தல்காரி, கல்வீட்டுக்காரி என் அக்காவுக்கு என் மேல் எரிச்சல்! அதுவும் சின்ன வயதிலிருந்து! நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். பெறாமகள் ஓடிவந்து, இரண்டு கிழவிகளுக்கும் என்ன பிடித்தது என்று பார்த்துவிட்டுப் போனாள். தொங்கலை நான் எடுக்கவில்லை. தோளைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதன் பிறகு அக்கா அதிக காலம் இருக்கவில்லை. சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கடைசி நாட்களில் முன் வளவுத் திண்ணைக் கட்டிலில் இருந்து, பட்டி திரும்பும் நேரம் மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய கூந்தலை வாரி முடிவேன். அந்த வயதிலும் எனக்கிருந்ததை விட அடர்த்தி. ஒரு விடியற்காலை, மகள் ஊட்டிய கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, அமைதியாகக் கண்ணை மூடினார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் கலைந்தபின் பெறாமகள் என் வீட்டுக்கு வந்து, ஒரு பட்டுத் துண்டை என் மடியில் வைத்தாள். "அம்மா உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. ஒண்டும் கேக்காமக் குடு எண்டவ" என்றாள். உள்ளே தொங்கல். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆயுள் முழுவதும் வாதாடி வாங்க இருந்ததை, ஒரு வார்த்தை பேச இடம் வைக்காமல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைசியிலும் பெரியமனுசி அவர்தான். அதை ஒரு சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலியடிக்குப் போனேன். அக்கா பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு முகத்தைச் சுழிக்க வேண்டும் என்று போனேன். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, செத்தவீட்டிலும் நான் அப்படி அழவில்லை.

அக்கா நோயில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அயலவர்களுக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டில் பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், பறையடித்தவர்கள், தோள் கொடுத்தவர்கள், தூரத்தில் இருந்து தொலைபேசியில் அழுதவர்கள், எல்லோரையும் மறக்கமாட்டோம். அக்காவின் பட்டியை இன்றும் பார்த்துக்கொள்ளும் அயல்வீட்டுக்காரருக்குத் தனியாக நன்றி. சந்தையில் இருந்த அந்த முகம் தெரியாத கிழவருக்கும் நன்றி.

எழுதி முடித்ததைப் பெறாமகளிடம் வாசித்துக் காட்டினேன். "இவ்வளவும் போடோணுமா சின்னம்மா?" என்று கேட்டாள். ஒரு சொல்லும் குறையக்கூடாது என்றேன். அக்காவின் ஒவ்வொரு மயிர்க்கற்றையையும், கொண்டையையும், கறந்த பாலையும் எரிச்சலோடு பார்த்து மனதில் வைத்திருந்து எழுத அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். எனக்கு அப்படி எழுத இனி யார் இருக்கிறார்கள்? என் பிள்ளைகள் நல்லவர்கள், நல்லதாகத்தான் எழுதுவார்கள். இதிலும் என் அக்காதான் கொடுத்து வைத்தவர்.

பின் வளவில் இருந்து,
தங்கச்சி